மிச்சம் வயல்களும் ஒரு மலட்டுப் பூண்டும்

மருந்துப் பூண்டுகள் பலவற்றின் தொடக்கம் அறியவியலாத பழமையுடையது. பெப்பர்மின்ற்றின் வரலாறோ மூன்று நூற்றாண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதே. இங்கிலாந்தின் ஹேட்போட்சயர்ப் பகுதியிற் காணப்பட்ட, மிளகின் உறைப்புடைய புதினா ஒன்றினை 1696இல் ஜோன் றே என்னும் தாவரவியலறிஞர் தம் நூலிற் பதிவு செய்தார். 1721இல் இலண்டன் மருந்து நூல் அதனை ஏற்றுக்கொண்டது. 1753இல் லின்னேயசு அதனைத் தனி இனமாகக் கருதிப் பெயரிட்டார்.

உண்மையில் அது தனி இனமன்று. சமையலுக்குதவும் புதினாவும் நீர்ப்புதினாவும் கலந்து தோன்றிய கலப்பினமாகும். இதனை உணராமை லின்னேயசின் குறையெனல் பொருந்தாது. நிறமூர்த்த ஆய்வு அக்காலத்தில் இருக்கவில்லை. இக்கலப்பினம் மலட்டுத்தன்மையுடையது. தண்டுத் துண்டுகளை நட்டே அதனைப் பெருக்க வேண்டும். எனவே அப்பூண்டின் பரம்பல் பெரிதும் மனிதர் கையாலேயே நிகழ்ந்தது எனலாம்.

இலண்டனுக்குத் தெற்கேயுள்ள மிச்சம் என்னும் ஊரில் 1750 அளவில் அதன் பயிர்ச்செய்கை தொடங்கியது. (ஊர்ப்பெயருக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் ஒலியொற்றுமையன்றி உறவில்லை.) 1796இல் 100 ஏக்கராக இருந்த வயல்கள் 1850 அளவில் 500 ஏக்கராயின. பூக்கும் பருவத்தில் அறுத்து வடித்தெடுத்த எண்ணெய் வாயு, வயிற்றுளைவு, குமட்டல் என்பவற்றுக்கு மருந்தாயிற்று. அவ்வெண்ணெயிலுள்ள மெந்தோல் குடற்றசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஒரே செடியின் துண்டுகளே வயலெங்கும் வளர்ந்தமையால் எண்ணெயின் மணமும் பெரிதும் மாறாதிருந்தது. வணிகர் மிச்சம் எண்ணெயை விரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆயினும் அவ்வாணிகத்தில் அமெரிக்கர் விரைவில் முந்தினர். நியூயோர்க் மாநிலத்து லையன்சு நகர வணிகர் ஹொச்கிசின் எண்ணெய் 1851ஆம் ஆண்டின் இலண்டன் பொருட்காட்சியிற் பரிசு பெற்றது. பின்னர் கருந்தண்டு மிச்சம் வகை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மிச்சிகன் மாநிலத்திற் பெருமளவிற் பயிரிடப்பட்டது.

மணத்தை மாறாது காத்த அதே ஒருமை அங்கே கேடாகவும் முடிந்தது. 1924இல் மிச்சிகன் வயல்களில் வேர்ட்டிசிலியம் என்னும் பங்கசினால் வாடல்நோய் கண்டது. அப்பங்கசு மண்ணிற் பல்லாண்டு நிலைக்கக்கூடியது. ஒரு செடியை வீழ்த்தியது எல்லாச் செடிகளையும் வீழ்த்த வல்லதாயிற்று. மலட்டுப் பூண்டாகையால், இனக்கலப்பு வழியாக எதிர்ப்புச்சக்தியைப் புகுத்துதலும் இயலவில்லை. பயிர்ச்செய்கை மேற்கேயுள்ள ஒறிகன், வாசிங்டன் மாநிலங்களுக்குப் பெயர்ந்தது. நோயும் அங்கே பரவியது.

ஈற்றில், தண்டுகளைக் கதிர்வீச்சுக்குட்படுத்தி, நோயுள்ள மண்ணில் நட்டுத் தப்பியவற்றைத் தெரிந்தெடுக்கும் முயற்சி 1950களில் மேற்கொள்ளப்பட்டது. அதன் பயனாக 1970களில் வெளிவந்த 'ரொட் மிச்சம்' வகை நோயை ஓரளவே தாங்கியது. எண்ணெயின் தரங்கருதிப் பழைய கருந்தண்டு மிச்சத்தை உழவர் முற்றாகக் கைவிடவுமில்லை.