மார்க்கெட் கால்வாய்: பிராட்வேயின் பழைய முன்வாசல்

எர்ணாகுளம் பிராட்வேக்குத் துணியோ பாத்திரமோ வாங்க வருவோர், அருகே ஒரு நீர்வழி இருப்பதைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால் அறிவதே மிகுதி. மார்க்கெட் கால்வாய் என்பது அதன் பெயர். நீளம் முக்கால் கிலோமீட்டருக்கும் குறைவு. மேற்கே கொச்சிக் காயலில் தொடங்கிச் சந்தைக்குள் சென்று முடிகிறது. இவ்வளவு சிறிய கால்வாய்க்குத் தனி வரலாறு எதற்கு என்ற கேள்வி எழலாம். சந்தையை அவ்விடத்தில் நிலைநிறுத்தியதே இந்த நீர்தான்.

கொச்சிக் காயல் வேம்பநாட்டுக் காயலின் வடபகுதி. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியைத் தூர்த்துக் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்பது மரபான கூற்று; ஒரே வெள்ளத்தின் மீது அவ்வளவு பொறுப்பையும் சுமத்துவது மிகை எனக் கருதுவோரும் உளர். எவ்வாறாயினும், தெற்கே ஆலப்புழையிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் அரிசி, தேங்காய், மலைச்சரக்கு ஆகியவற்றை ஏற்றிய கெட்டுவள்ளங்கள் கடலைத் தொடாமலே கொச்சிக்கு வந்தன. காயலின் மறுகரையிலுள்ள மட்டாஞ்சேரியின் கடைத்தெருக் கிடங்குகளுக்கு ஒரு வாசல் தெருவிலும் மற்றொன்று நீரிலும் இருப்பதை இன்றும் காணலாம். எர்ணாகுளத்தில் அந்த நீர்வாசல் கால்வாயாகச் சந்தைக்குள்ளேயே நுழைந்தது. சந்தையை ஒட்டிய யூதத் தெருவின் தொழுகைக்கூடத்திற்குக் கடவும்பாகம் என்று பெயர். மலையாளத்தில் கடவு என்றால் படகுத்துறை. நகரம் மறந்த துறையை ஒரு பெயர் மட்டும் பிடித்து வைத்திருக்கிறது.

இக்கால்வாய்க்கு மலையில் பிறந்த ஊற்று எதுவும் கிடையாது. ஓதமே அதன் உயிர். நாளுக்கு இருமுறை காயல்நீர் ஏறி இறங்கும்போதுதான் அது கழுவப்படுகிறது. கொச்சியில் ஓதத்தின் உயர வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும் என்பதால் அக்கழுவும் ஆற்றல் இயல்பிலேயே சொற்பம். தென்மேற்குப் பருவமழையில் காயல் பெருமளவு நன்னீராகும். ஆகாயத்தாமரை கூட்டங்கூட்டமாக மிதந்து வரும். கோடையில் உப்பு ஏறியதும் அது மடிந்து அழுகும். நிலமோ தாழ்ந்தது, அடியில் மென்களிமண். ஓதமும் கனமழையும் ஒரே வேளையில் சேர்ந்தால் நீர் போக வழியின்றித் தெருவில் நிற்கிறது. இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நாளான 2019 அக்டோபர் 21 அன்று எர்ணாகுளம் கண்டது இதைத்தான்.

கரையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்தார். அவர் பெயரைத் தாங்கிய சண்முகம் சாலை ஒருகாலத்தில் காயலின் விளிம்பு. பின்னர் அதற்கு மேற்கே காயல் தூர்க்கப்பட்டு மரைன் டிரைவ் எழுந்தது. கால்வாயின் வாய் அதே அளவு மேற்கே தள்ளிப்போயிற்று. ஓதநீர் சந்தையைத் தொட முன்னைவிட அதிகத் தொலைவு வர வேண்டும். நிலம் மீட்பு என்ற சொல் இங்கே சற்று விந்தையானது. மீட்கப்பட்டது யாரிடமிருந்து என்று காயலைக் கேட்பார் இல்லை.

ஆயினும் கால்வாயை வீழ்த்தியது மண் மட்டுமன்று, லாரியும்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லாரியில் வந்து இறங்கத் தொடங்கியபின், கடைகளுக்குத் தெருப்பக்கமே முகமாயிற்று, நீர்ப்பக்கம் முதுகானது. முதுகுப்புறத்தில் குப்பை சேர்வது வியப்பன்று. வள்ளம் வந்தவரை தூர் சேராமல் பார்த்துக்கொள்வது வணிகருக்கே தேவையாக இருந்தது. அத்தேவை அற்றபின் அப்பணி எவருடையது என்பதே தெளிவில்லாமற் போனது. கழிவுநீர் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. தேங்கிய நீர் கொசுவை வளர்த்தது. யானைக்கால் நோயை ஐரோப்பியர் ஒருகாலத்தில் கொச்சிக்கால் என்றே குறித்த ஊர் இது என்பதால், அது சிறிய செய்தியன்று.

நகரக் கால்வாய்களைப் புதுப்பிக்கும் திட்டத்தில், கொச்சி மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பில், மார்க்கெட் கால்வாயும் இடம்பெற்றுள்ளது. தூர்வாருவது அதில் எளிய பகுதி. வீடுகளும் கடைகளும் விடும் கழிவைச் சுத்திகரிக்க வேறிடம் கொண்டுசெல்லாதவரை, வாரிய தூர் மீண்டும் படியும். சந்தைக் கட்டடம் புதிதாகி 2024இல் திறக்கப்பட்டுவிட்டது. கால்வாய் இன்னும் காத்திருக்கிறது. அதன் வாயிலிருந்து நடக்கும் தொலைவிலுள்ள உயர்நீதிமன்றத் துறையிலிருந்து 2023 முதல் நீர் மெட்ரோ படகுகள் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. சரக்கு மட்டும் இன்னமும் சாலையில்தான் வருகிறது.