தாவிப்போன மாடிகள்

'சுவோர்ட் ஆர்ட் ஆன்லைன்' கதையை ரெக்கி கவஹாரா 2002-இன் நாவல் போட்டி ஒன்றுக்காக எழுதினார். பக்க வரம்பைத் தாண்டியதால் இணையத்தில் போட்டார். 2009-இல் நூல், 2012-இல் அனிமே. பத்தாயிரம் பேர் ஒரு மெய்நிகர் விளையாட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். நூறு மாடிகளையும் ஜெயித்தால்தான் விடுதலை. உள்ளே செத்தால் நிஜத்திலும் சாவு.

அந்த அடைப்பு இரண்டு ஆண்டு நீள்கிறது. ஜொகூர்க்காரங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். 2020 மார்ச் 18 அன்று சிங்கப்பூர்க் கடற்பாலம் மூடியது. 2022 ஏப்ரல் 1 அன்றுதான் பழையபடி திறந்தது. அங்கே வேலை பார்த்த பலர் அங்கேயே தங்கி, பிள்ளைகளை வீடியோ காலில் பார்த்தார்கள். மாட்டிக்கொண்ட இடத்திலும் மனுஷன் சமைப்பான், சிநேகம் பிடிப்பான்.

அனிமேயின் பலமும் அதுதான். கிரித்தோவும் அசுனாவும் மரவீட்டில் குடித்தனம் நடத்துவதும், மீன் பிடிக்கும் நிஷிதாவும் எந்தச் சண்டையைவிடவும் என் மனசில் நிற்கிறார்கள்.

பலவீனம், அவசரம். எட்டாவது எபிசோடிலேயே 74-ஆம் மாடி! அடைபட்டவர்களுக்குக் காத்திருப்புதான் வாழ்க்கை. அதையே தாவிப்போனால் எப்படி? பிற்பாதி இன்னும் மோசம்: வாள் பிடித்த அசுனா கூண்டுக்குள் உட்கார்ந்து, யாராவது வந்து மீட்கணும்னு காத்திருக்கிறாள்.

ஆனாலும் அந்த மரவீட்டுக்காக இன்னொரு முறை பார்ப்பேன்.