புடவைக்கடை ஃபில்டரும் ஒரு மெட்ராஸ் நூலகரும்

தி. நகர்ல புடவை வாங்கப் போனா முதல்ல கேட்பாங்க: என்ன விலைக்குள்ள, என்ன கலர், என்ன பார்டர்? ஷாப்பிங் ஆப்பில் இருக்கும் ஃபில்டரும் அதேதான். பயனர் ஆய்வும் தகவல் கட்டமைப்பும்தான் என் தொழில். அங்கே இதுக்குப் பேர் ஃபேசட்.

நூலகத்துக்கு இதை முறையா வகுத்தவர் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரி கணக்கு வாத்தியார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்கு லண்டன் போனவர், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகள், சேர்க்கிற விதத்தில் வேற வேற பொம்மைகள்! புத்தகத்தின் பொருளையும் அப்படிக் கூறுகளாப் பிரிச்சுக் கோர்க்கலாமே என்று தோன்றியது. 1933ல் கோலன் வகைப்பாடு வெளிவந்தது.

அதுக்கு முன்பே, 1931ல், நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியிருந்தார். நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சம் பண்ணச் சொல்கிறது.

இவர் பேரை நான் முதலில் பார்த்தது ஒரு அமெரிக்கப் புத்தகத்தில். மெரினாவில் அந்த நூலகத்தைத் தாண்டி எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கேன்! இப்போ எந்த மெனு வரைஞ்சாலும் ஒரு கேள்வி: இது ஆபீஸ் வசதிக்கா, தேடி வர்றவர் வசதிக்கா?