கட்டாயக் காப்பீடு தனிமனிதச் சுதந்திரத்தைப் பறிக்கிறதா?

பாலக்கரையில் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் ஊதியத்திலிருந்து இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்காக 0.75 விழுக்காட்டைப் பிடிக்கும்போது அவரது ஒப்புதலைக் கேட்பதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய கட்டாயம் இது. அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரம் இதனால் மீறப்படுகிறதா?

இல்லை என்கிறோம். 1995இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழிலாளரின் உடல்நலமும் மருத்துவ உதவியும் அதே பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் மருத்துவக் காப்பீடு அளிக்குமாறு ஆலைகளுக்கு ஆணையிட்டது. வேலையளிப்பவரின் பங்கு 3.25 விழுக்காடு, விருப்பத்துக்கு விட்டால் முதலில் விலகுபவர் அவரே.

பிடித்த பணத்தை ஒப்பந்ததாரர் செலுத்தாமல் விடுவதே உண்மையான உரிமைப் பறிப்பு. குற்றவியல் சட்டம் அதை நம்பிக்கை மோசடியாகக் கொள்கிறது. காப்பீட்டு எண்ணையும் செலுத்திய விவரத்தையும் கேட்டுப் பெறத் தொழிலாளருக்குத் துணைநிற்போம்.