நெட்டித் தொப்பியும் வெட்டிவேர்த் தட்டியும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்களைப் பார்ப்போர்க்கு ஒன்று எளிதிற் புலப்படும். தோட்டத் துரை, நீதிபதி, பாதிரியார், பள்ளிச் சிறுவன் என ஐரோப்பியர் எவராயினும், வெளியில் நிற்பவர் தலையில் அகன்ற விளிம்புடைய தொப்பி ஒன்று கவிந்திருக்கும். அருகில் நிற்கும் தமிழர் தலையில் முண்டாசு இருக்கும்; சிலர் வெறுந்தலையராயும் இருப்பர். இருவர்மீதும் காய்வது ஒரே வெயில்தான். ஆயினும், அவ்வெயில் வெள்ளையரைக் கொல்லும், மற்றவரை ஒன்றும் செய்யாது என்னும் நம்பிக்கை ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மருத்துவ உண்மையாகவே கொள்ளப்பட்டிருந்தது.

அத்தொப்பி செய்யப்பட்ட பொருள் தமிழர்க்குப் புதிதன்று. ஏரியிலும் சதுப்பிலும் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான உட்பகுதியே அது. தஞ்சைப் பகுதியில் அதே நெட்டியைக் கொண்டு மாலைகளும் கோபுர வடிவங்களும் செய்வர். பஞ்சுபோல் இலேசாகவும் வெப்பத்தை எளிதிற் கடத்தாததாகவும் இருப்பதால் தொப்பிக்கு அது மிகப் பொருந்திற்று. வங்காளத்தில் அச்செடிக்குச் சோலா என்று பெயர். ‘சோலா தொப்பி’ என்பது ஆங்கிலேயர் வாயில் நாளடைவில் ‘சோலார் தொப்பி’ ஆயிற்று. சோலார் என்னும் சொல் அவர்கள் மொழியில் கதிரவனைக் குறிப்பதால், கதிரவனைத் தடுப்பதாலேயே அப்பெயர் வந்ததென்று பலரும் எண்ணிக்கொண்டனர். சென்னையில் ஹாமில்டன் வாராவதி மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகிப் பின்னர் ஆங்கிலத்திலும் அப்பொருளிலேயே பெயர்க்கப்பட்ட கதையைத் தமிழாசிரியர் அறிவர். சொல் திரிந்தபின் பொருளும் அதன் பின்னே போவது எம்மொழிக்கும் பொதுவாகும்.

வெப்ப நாட்டிற்கு வந்த ஐரோப்பியர் வந்த சில ஆண்டுகளிலேயே கூட்டங் கூட்டமாக மாண்டனர் என்பது மறுக்க முடியாத உண்மை. கும்பினிக் காலத்துக் கல்லறைத் தோட்டங்கள் அதற்குச் சான்று. இச்சாவுகளுக்குக் காரணம் யாது என்பதே வினா. ஆங்கிலக் கடற்படை மருத்துவரான ஜேம்ஸ் லிண்ட் 1768ஆம் ஆண்டில் வெப்ப நாடுகளில் ஐரோப்பியர்க்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சதுப்பு நிலத்தையும் அங்கிருந்து எழும் காற்றையும் அவர் பெரிதும் அஞ்சினார்; மேட்டு நிலத்தில் வாழுமாறு அறிவுரை கூறினார்; காலம் செல்லச் செல்ல உடல் புதிய நாட்டிற்குப் பழகிவிடும் என்றும் கருதினார். 1813ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஜான்சன் என்னும் மற்றொரு மருத்துவர், வெப்ப நாட்டுத் தட்பவெப்பம் ஐரோப்பிய உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதையே பொருளாகக் கொண்டு எழுதினார். அந்நாட்டு மக்களின் வழக்கங்களைக் கவனித்துத் தக்கவற்றைப் பின்பற்ற வேண்டும் என்றவர் அவர். தலையில் கட்டும் தலைப்பாகையும் இடுப்பில் சுற்றும் துணியும் அவர் கருத்தைக் கவர்ந்தன.

நல்ல அறிவுரைதான், ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. இடுப்பில் சுற்றிய துணி, கம்பளித் துணியாலான வயிற்றுக் கச்சையாக மாறிற்று. வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்று நம்பி, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்க்கு அக்கச்சையை அணிவித்தனர். காலரா ஒரு கிருமியால் வருவதென்று ராபர்ட் காக் 1883-84ஆம் ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து காட்டிய பின்னரும் கச்சை உடனே ஒழியவில்லை. சென்னை வெயிலில் உடம்போடு ஒட்டிய கம்பளியை இறுக்கிக்கொண்டு அணிவகுத்து நின்றவர் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கலாம். வெயில் முதுகெலும்பைத் தாக்கும் என்று சட்டையின் பின்புறத்தில் திண்டு வைத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு.

மருத்துவர் நூல்களைவிட வீட்டு வேலைக்காரர் காட்டிய வழிகளே அவர்களுக்கு மிகுதியும் உதவின. அவற்றுள் முதன்மையானது வெட்டிவேர்த் தட்டி. வாயிலிலும் சன்னலிலும் வெட்டிவேரால் முடைந்த தட்டியைத் தொங்கவிட்டு இடைவிடாது நீர் தெளித்தால், வெளியே வீசும் அனற்காற்று உள்ளே குளிர்ந்து, மணத்தோடு வரும். தில்லி, அலகாபாத் முதலிய வடநாட்டு ஊர்களில் வேனிற்காலத்தில் இஃது அருமையாக வேலை செய்தது. சென்னைக் கடற்கரையில் அவ்வளவு செய்யவில்லை. சிங்கப்பூரிலோ பயனே இல்லை. காரணம் எளிது. தண்ணீர் ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுத்துச் செல்லும். வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் ஆவியாக இடமில்லை. மனித உடலுக்கும் இதே கணக்குத்தான். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். அதே வேர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் ஒன்றும் நீங்காது. உடுப்பு நனைந்ததுதான் மிச்சம். மே மாதச் சென்னையில் வெப்பம் 40 பாகையைத் தொடுவதுண்டு. சிங்கப்பூரில் நண்பகல் வெப்பம் பெரும்பாலும் 31, 32 பாகைதான். எனினும் தமிழகத்தின் வறண்ட உள்மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்கு வந்து இறங்கிய நம்மவரும் முதல் வாரத்தில் திணறிப்போனதற்கு இப்புழுக்கமே காரணமாகும்.

ஈரக் காற்றை உலர்த்த முடியாவிட்டாலும் அசைக்க முடியும். அவ்வேலையைச் செய்தது பங்கா. மரச்சட்டத்தில் துணி கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, அதில் கட்டிய கயிற்றைச் சுவரில் இட்ட துளை வழியாக வெளியே கொண்டுவந்து, தாழ்வாரத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து இழுக்கச் செய்வர். நீதிமன்றத்திலும் மாதாகோயிலிலும் உணவு மேசைக்கு மேலும் அது ஆடிற்று. இரவெல்லாம் இழுப்பவர் கயிற்றைக் காற்பெருவிரலில் மாட்டிக்கொண்டு படுத்தபடியே காலை ஆட்டுவதும் உண்டு. அவர் கண்ணயர்ந்தால் பங்கா நிற்கும்; பங்கா நின்றால் துரை விழிப்பார்; துரை விழித்தால் என்ன நடக்கும் என்பதை அக்காலத்து ஆங்கிலேயரே தங்கள் நினைவுக் குறிப்புகளில் கூச்சமின்றி எழுதி வைத்துள்ளனர். உள்ளே ஒருவர் வேர்க்காமல் உறங்குவதற்காக வெளியே ஒருவர் வேர்த்துக்கொண்டு விழித்திருந்தார். சிங்கப்பூரில் ராபிள்ஸ் ஓட்டலின் புதிய மாளிகை 1899ஆம் ஆண்டில் மின்விளக்கும் மின்விசிறியுமாகத் திறக்கப்பட்டது. அதன் பின் பங்கா இழுப்பவர் தொழில் மெல்ல மறையலாயிற்று.

வீடு கட்டுவதில் மலாய் மக்களே ஆசிரியராயினர். நிலத்திலிருந்து கால்கள்மேல் உயர்த்தி, அத்தாப்புக் கூரை வேய்ந்து, நாற்புறமும் காற்றுப் புக விடும் மலாய் வீடு இந்நாட்டுக்கே உரிய அறிவின் விளைவு. 1822-23இல் ராபிள்ஸ் இன்றைய கேனிங் கோட்டைக் குன்றில் தமக்குக் கட்டிக்கொண்ட வீடும் மரப்பலகையாலும் அத்தாப்பாலும் ஆனதே. பிற்காலத்தில் சிங்கப்பூரில் எழுந்த கறுப்பு வெள்ளைப் பங்களாக்களின் உயர்ந்த தளமும், நீண்டு சாய்ந்த கூரையும், அகன்ற தாழ்வாரமும் அதன் வழிவந்தவையே. படுக்கையில் அணைத்துக்கொள்ள ஒரு நீண்ட தலையணையை வைத்து உடலுக்கும் மெத்தைக்கும் இடையே காற்று ஓடச் செய்யும் வழக்கம், டச்சுக்காரர் ஆண்ட தீவுகளிலிருந்து சிங்கப்பூர் வரை பரவியிருந்தது.

இவையெல்லாம் போதாதென்று அமெரிக்காவிலிருந்தே பனிக்கட்டியை வரவழைத்தனர். பாஸ்டன் நகர வணிகரான பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த குளங்களை அறுத்துப் பாளம் பாளமாக எடுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட ‘டஸ்கனி’ என்னும் கப்பல் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது, ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டில் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்று கட்டப்பட்டது. செயற்கைப் பனிக்கட்டி வந்து அவ்வாணிகம் அழிந்த பின்பு அக்கட்டடம் கைமாறிற்று. 1897இல் விவேகானந்தர் தங்கிய இல்லமும் அதுவே. இன்றும் அவ்வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்றே மக்கள் வழங்குகின்றனர். சிங்கப்பூரில் வாம்போவா என்று பெயர் பெற்ற சீன வணிகர் ஹோ ஆ கே 1854ஆம் ஆண்டில் ஆற்றங்கரையில் இத்தகைய கிடங்கு ஒன்றைக் கூட்டாளியுடன் அமைத்தார். வாங்குவோர் குறைவாயிருந்ததால் அதில் அவர்க்கு இழப்பே நேர்ந்தது.

மலையேறும் வழக்கம் பலரும் அறிந்தது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றதன் தொடர்ச்சியாக உதகை எழுந்தது. பின்னர்ச் சென்னை அரசாங்கமே கோடைதோறும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அங்கே குடிபெயரலாயிற்று. பினாங்குக் கொடிமலைக்கு 1788இலேயே பிரான்சிஸ் லைட் பாதை வெட்டினார். பிரேசர் மலை 1922இல் திறக்கப்பட்டது. கேமரன் மலை அடுத்த சில ஆண்டுகளில் உருவாயிற்று. அங்கெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ள ஏறிய தமிழர்க்கோ சிக்கல் நேர்மாறாயிருந்தது. வெப்பத்திற்குப் பழகிய உடலைக் குளிருக்குப் பழக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி எவரும் மருத்துவ நூல் எழுதவில்லை.

நம்பிக்கை உச்சத்தை எட்டியது 1905ஆம் ஆண்டில் எனலாம். அமெரிக்கப் படை மருத்துவரான சார்லஸ் உட்ரப், வெள்ளையரைக் கெடுப்பது வெப்பங்கூட அன்று, கதிரவன் ஒளியிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத கதிர்களே என்று எழுதினார். கருநிறத்தோர்க்குத் தோலே திரை. வெளுத்தவர்க்குத் திரையில்லை என்பது அவர் வாதம். அப்படியாயின் சிவப்புத் துணி திரையாகுமே என்று, பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்த அமெரிக்கப் படையில் 500 வீரர்க்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை கொடுத்து, வழக்கமான உடையணிந்த வேறு 500 பேரோடு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒப்பிட்டுப் பார்த்தனர். 1910இல் முடிவு வெளியாயிற்று. செம்மஞ்சள் உள்ளாடை அணிந்தோர் நலம் பெறவில்லை. வெப்பத்தால் மிகுதியாக வருந்தியவர்களே அவர்கள். இவ்வளவு தெளிவாகச் சோதித்துப் பார்த்த பின்னரும் தொப்பியைக் கழற்றத் துணிவு வரவில்லை.

வெப்பம் யாரைக் கொல்லும், யாரைக் கொல்லாது என்னும் இப்பகுப்பு தமிழர் வாழ்வில் நேராக வந்து மோதியது மலாயாத் தோட்டங்களில்தான். வெயிலில் வேலை செய்யப் பிறந்தவர்கள் தமிழர் என்று கருதி வரவழைத்தனர். காடழித்த புதுத் தோட்டங்களில் அவர்களும் பெருந்தொகையாக இறந்தனர். தட்பவெப்பம் மெய்யாகவே காரணமாயின், வெப்பத்திற்கென்றே பிறந்ததாகச் சொல்லப்பட்டோர் ஏன் மாண்டனர்? விடை வெயிலில் இல்லை. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897ஆம் ஆண்டில் ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்தார். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவ அதிகாரியாக வந்த மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றிய சதுப்பை வடித்து வாய்க்கால் வெட்டச் செய்தார். அவ்வாண்டில் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் காய்ச்சலால் முடங்கும் நிலையிலிருந்து மீண்டது. வெயில் குறையவில்லை, புழுக்கம் குறையவில்லை, சாவு குறைந்தது. லிண்ட் சதுப்பை அஞ்சியது சரியே; அவர் பழித்தது காற்றை, பழித்திருக்க வேண்டியது கொசுவை.

தொப்பிக்கு முடிவு வந்தது பட்டறிவால். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், சிறைப்பட்ட வெள்ளை வீரர்கள் கோவணம் கட்டி, பலர் வெறுந்தலையராய், சாங்கியிலும் சயாம் இரயில் பாதையிலும் நாளெல்லாம் உழைத்தனர். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களோடு மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் அவர்களைவிடப் பெருந்தொகையில் மாண்டனர். இரு திறத்தாரையும் கொன்றவை பட்டினி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலரா, அடி உதை. நூறாண்டுக் காலம் அஞ்சப்பட்ட கதிர்கள் தோல் நிறம் பார்த்து எவரையும் பிரித்தெடுக்கவில்லை. அப்போரின்போதே பிரிட்டிஷ் படையும் நெட்டித் தொப்பியைக் கைவிட்டது.

உடல் எவ்வாறு பழகுகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. வெப்பத்தில் நாள்தோறும் உடலுழைப்புச் செய்வோர்க்கு ஒன்றிரண்டு வாரங்களில் வேர்வை முன்னதாகவே தொடங்கும்; அளவிற் பெருகும்; அதிலுள்ள உப்பு குறையும்; நாடித் துடிப்புத் தணியும். குளிர்நாட்டிற்குத் திரும்பிச் சில வாரங்கள் இருந்தால் இப்பழக்கம் கழன்றுவிடும். பங்காவின் கீழ் அமர்ந்திருப்போர்க்கு இது முழுமையாக வாய்ப்பதில்லை என்பதே வேடிக்கை. உழைக்காமல் காத்துக்கொண்டவர் உடல் பழகவில்லை. பழகாத உடலைக் கண்டு இனத்தின் இயல்பு இதுவென்று முடிவு கட்டினர். வேர்வையோடு போகும் உப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதை, 1923இல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் தசைப்பிடிப்பை ஆராய்ந்த கென்னத் நெவில் மாஸ் எடுத்துக்காட்டினார். வயலுக்கு உப்பிட்ட நீராகாரமும் மோரும் கொண்டுபோன உழவர்க்கு அது செய்தியன்று.

1948 முதல் 1953 வரை பிரிட்டிஷ் கடற்படையின் வெப்பநாட்டு ஆராய்ச்சிப் பிரிவு சிங்கப்பூரில் இயங்கிற்று. அங்கே பிராங்க் எல்லிஸ், இந்நாட்டில் வாழும் ஐரோப்பியரையும் ஆசியரையும், ஆடவரையும் பெண்டிரையும், எந்த வெப்பநிலையில் இதமாயிருக்கிறது, எப்போது புழுங்குகிறது என்று கேட்டுக் குறித்தார். இந்நாட்டுக்குப் பழகியபின் அவர்கள் சொன்ன விடைகளில் இனத்தால் வந்த வேறுபாடு குறிப்பிடத்தக்கதாக இல்லை.