கடினநிலை மாற்றம் (பாத்திரமேற்பு விளையாட்டுகள்)

கடினநிலை மாற்றம் என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில், ஒரு முறைமை ஒரு செயலின் கடினத்துக்குத் தரும் அளவை வேறொரு முறைமையின் அளவாக மாற்றிக் கொள்வதாகும். எண்களை நேருக்கு நேர் வைப்பதில் பயனில்லை; ஒப்பிட வேண்டியது வெற்றி வாய்ப்பையே. 2014இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பில், இருபது முகப் பகடையில் விழும் எண்ணும் பாத்திரத்தின் திறனுக்குரிய கூட்டெண்ணும் சேர்ந்து இலக்கெண்ணை எட்டினால் செயல் கைகூடும் என்பதால், கூட்டெண் 5 உள்ள பாத்திரத்துக்கு, நடுத்தர இலக்கான 15ஐ எட்ட 55 விழுக்காடும், கடின இலக்கான 20ஐ எட்ட 30 விழுக்காடும் வாய்ப்பு உண்டு. 'கால் ஆஃப் கதுலு' ஏழாம் பதிப்போ, 1 முதல் 100 வரை எண் தரும் பகடைகளை எறிந்து, திறன் மதிப்புக்கு மிகாத எண்ணை வெற்றியாகக் கொள்வதோடு, கடினம் கூடும்போது அம்மதிப்பைப் பாதியாகவும், அதற்கும் மேல் ஐந்திலொன்றாகவும் குறைக்கிறது. திறன் 55 எனில் வாய்ப்பு 55, 27, 11 என இறங்கும். முதலிரு படிகள் வியக்கத்தக்க அளவு பொருந்தினாலும், அடுத்த இலக்கெண்ணான 25 வெறும் 5 விழுக்காடே தருவதால் ஒப்புமை அங்கே முறிகிறது. மூன்று அறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையை நம்பும் 'கர்ப்ஸ்' முறைமையில் சிக்கல் இன்னும் பெரிது: ஒரு புள்ளிச் சலுகை, திறன் 10 ஆக இருக்கையில் வாய்ப்பை 12.5 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்த, 15 ஆக இருக்கையில் 3 புள்ளிகள்கூட உயர்த்தாததால், ஒரே மாற்று அட்டவணை எல்லாப் பாத்திரங்களுக்கும் செல்லுபடியாகாது.