எஞ்சினை அளந்த மலை

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டிச் சென்றால் வருவது கூக்கால். பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சிற்றூர். இத்தகைய மலைச்சாலைகளில் சுமையேற்றிய டீசல் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு முக்கி முனகி ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சினில் கோளாறு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். குறை காற்றிலும் இருக்கலாம்!

கடல் மட்டத்தில் பாதரசமானி 760 மில்லிமீட்டர் காட்டும். 2,000 மீட்டர் உயரத்தில் அது சுமார் 596 மில்லிமீட்டராக இறங்கிவிடுகிறது. சிலிண்டர் ஒரு தடவைக்கு இழுக்கும் காற்றின் கன அளவு மாறுவதில்லை. அதிலுள்ள பிராணவாயுதான் குறைந்துபோகிறது. பழைய பாணி டீசல் பம்புக்கோ இது தெரியாது. சமவெளியில் கொடுத்த அதே டீசலைக் கொடுக்கிறது. முழுதும் எரியாத எரிபொருள் கரியாகி, புகையாக வெளியேறுகிறது.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் டர்போ பொருத்துகிறார்கள். சிலர் பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுகிறார்கள். வேலை முடிந்ததும், லாரியானாலும் சரி, வீட்டையே முதுகில் சுமக்கும் கேரவனானாலும் சரி, "வண்டி இப்போது பறக்கிறது" என்பார்கள். பறக்கட்டும். ஆனால் எத்தனை குதிரைத் திறன் கூடியது?

இதே கேள்வியை விஞ்ஞானிகள் வெகுகாலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். 1821-இல் பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி ஓர் எளிய வழி கண்டார். சுழலும் தண்டை இரு மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, அவற்றோடு இணைத்த நீண்ட கையின் நுனியில் எடை தொங்கவிட்டார். கையைச் சமநிலையில் நிறுத்தத் தேவைப்படும் எடை, கையின் நீளம், தண்டின் வேகம் ஆகிய மூன்றும் தெரிந்தால் திறனைக் கணக்கிட்டுவிடலாம். ருடால்ஃப் டீசலின் எஞ்சினையும் அவருடைய சொல்லை மட்டும் நம்பி உலகம் ஏற்கவில்லை. 1897 பிப்ரவரி 17 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அதைச் சோதித்து, எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காடு வேலையாக மாறுகிறது என்று அறிவித்தார். அக்கால நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை இதில் பாதியைக்கூட எட்டவில்லை.

வீணாகும் புகையின் விசையைக் கொண்டே விசைச்சக்கரம் ஒன்றைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பலாம் என்பது சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூக்கியின் யோசனை. 1905-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் டர்போ. ஆனால் மெல்லிய காற்றில் அது உண்மையிலேயே கைகொடுக்குமா?

விடையை ஒரு மலை சொல்லிற்று. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், 1918-இல் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றி, திறன் அளக்கும் கருவியோடு கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோனார். உயரம் 14,000 அடிக்கும் மேல். கீழே 350 குதிரைத் திறன் தந்த எஞ்சின், உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்ததும் 356! அது பெட்ரோல் எஞ்சின்தான். என்றாலும் சோதனை முறை டீசலுக்கும் பொருந்தும். இன்னொன்றையும் கவனியுங்கள். 350-இல் 230 என்பது ஏறக்குறைய 66 விழுக்காடு. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 65 விழுக்காடுதான். காற்று குறைந்த அளவுக்கே திறனும் குறைந்திருக்கிறது. மாஸின் கெட்டிக்காரத்தனம் டர்போவைச் செய்ததில் மட்டும் இல்லை. அதே எஞ்சினை, அதே இடத்தில், டர்போ இல்லாமலும் டர்போவோடும் அளந்து பார்த்ததிலும் இருக்கிறது.

கருவி இல்லாதவர்களுக்கும் மலையே தராசாக உதவும். வண்டியும் சுமையும் சேர்ந்து 4,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டர் உயரம் ஏற 10 நிமிடம், அதாவது 600 விநாடி ஆகிறது. 4,000-ஐ 300-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 2,000. ஒரு குதிரைத் திறன் என்பது விநாடிக்கு 75 கிலோகிராம் மீட்டர். ஆகவே மேலே ஏறுவதற்கு மட்டும் செலவான திறன் சுமார் 27. டயர் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் இதில் சேரவில்லை. மாற்றங்கள் செய்தபின் அதே ஏற்றம் 8 நிமிடத்தில் முடிந்தால் திறன் 33-ஐத் தாண்டியிருக்கும். இரண்டு தடவையும் சுமை, கியர், டயர்க் காற்று எல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். காலைக் குளிரில் ஒரு முறையும் நடுப்பகலில் மறுமுறையும் ஓட்டினால் கணக்கு பிசகும். வளைவு குறைந்த, நெரிசலற்ற பாதையாகத் தேர்ந்தெடுங்கள்.

நேரத்தை மட்டும் குறித்தால் போதாது. டாங்கை நிரப்பிப் புறப்பட்டு, திரும்பி வந்து மறுபடி நிரப்பி, செலவான டீசலையும் எழுதிவையுங்கள். புகையின் நிறம், நீரின் வெப்பம், இயன்றால் புகைக்குழாயின் வெப்பம் ஆகியவற்றையும் குறியுங்கள். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டியிருந்தால், 2 நிமிடம் மிச்சமானதன் விலை இந்தக் குறிப்புகளில் தெரிந்துவிடும்: புகை கறுத்திருக்கும், வெப்பமுள் மேலே ஏறியிருக்கும்.